டப்பான்னு எங்களுக்கும் தெரியும்

1

இன்ஜினியரிங் மூன்றாம் வருஷம், தீபாவளி லீவில் குடியாத்தம் வந்திருந்தேன். மத்தியானம் டிவியில் 'கலை அரசி' ஓடிக்கொண்டிருந்தது. அப்பா தறியிலிருந்து எழுந்து வந்து, துண்டால் கழுத்தைத் துடைத்தபடி தரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். திரையில் நம்பியார் வேற்றுக்கிரகத்திலிருந்து கிளம்பி பூமிக்கு வருகிறார்.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அப்போது எங்கள் ஹாஸ்டலில் ஒரு வாராந்திரச் சடங்கு இருந்தது. உலகத்தின் மட்டமான படங்களாகத் தேடிப்பிடித்து லேப்டாப்பில் போடுவோம். இரண்டு கட்டிலை ஒட்டிப்போட்டு எட்டு பேர் நெருக்கியடித்து உட்கார்ந்து, ஒவ்வொரு ஷாட்டுக்கும் கத்திச் சிரிப்போம். அந்தப் பழக்க தோஷத்தில், "அப்பா, அது ராக்கெட்டே இல்லப்பா, தகர டப்பா" என்றேன்.

அப்பா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அது டப்பான்னு எங்களுக்குந்தான் தெரியும். நீ இன்னா புச்சா கண்டுபுட்ச்சிட்ட?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "கொட்டாய்ல பாக்கும்போதே தெரியும்டா" என்றும் சேர்த்துக்கொண்டார். விளம்பரம் வந்ததும் எழுந்து தறிக்குப் போய்விட்டார்.

கோபமாகச் சொல்லவில்லை. சொன்னதை அவர் அன்றைக்கே மறந்திருப்பார். எனக்குத்தான் அது பதினைந்து வருஷமாகச் செரிக்காமல் கிடக்கிறது. டப்பா என்று தெரிந்தும் ஒரு கூட்டம் கொட்டகையில் மணல் குவித்து உட்கார்ந்து அதைப் பார்த்திருக்கிறது என்றால், அவர்கள் எதைப் பார்த்தார்கள்? கையில் காசில்லாமல் விண்வெளிக்குப் போன படங்களைப் பற்றி நான் எழுத நினைத்தபோதெல்லாம் இந்தக் கேள்வியில் வந்துதான் முட்டிக்கொண்டேன்.

இந்த வகைப் படங்களைப் பற்றி இணையத்தில் இரண்டு மாதிரிதான் பேசுகிறார்கள். ஒன்று பிழைப் பட்டியல். வெற்றிடத்தில் சத்தம் கேட்காது, அங்கே நெருப்பு இப்படி எரியாது, விண்கல் இந்த வேகத்தில் வராது என்று வரிசையாக எண்ணுவது. இன்னொன்று 'இவ்வளவு மட்டமாக இருப்பதால்தான் சூப்பர்' என்ற கிண்டல் ரசனை. இரண்டும் எதிரெதிரானவை மாதிரி தெரியும். ஆனால் இரண்டுக்கும் அடியில் ஒரே நினைப்புதான் இருக்கிறது: அந்தக் காலத்து ஆட்களுக்கு ஒன்றும் தெரியாது, நமக்குத் தெரியும். அப்பாவின் ஒரு வரி இரண்டையும் சேர்த்தே காலி செய்துவிட்டது.

2

'கலை அரசி' வெளியானது 1963 ஏப்ரலில். இயக்கம் அ. காசிலிங்கம். எம்ஜிஆர், பானுமதி, நம்பியார். இசை கே.வி. மகாதேவன். வேற்றுக்கிரகவாசிகளையும் விண்வெளிப் பயணத்தையும் காட்டிய முதல் இந்தியப் படம் என்று பலரும் சொல்வது இதைத்தான். ககாரின் பூமியைச் சுற்றிவந்து அப்போது சரியாக இரண்டு வருஷம் ஆகியிருந்தது. ஆர்ம்ஸ்ட்ராங் நிலவில் இறங்க இன்னும் ஆறு வருஷம் இருந்தது.

படம் வந்து ஏழு மாதம் கழித்து, 1963 நவம்பர் 21 அன்று, திருவனந்தபுரத்துக்குப் பக்கத்தில் தும்பாவிலிருந்து இந்தியாவின் முதல் ராக்கெட் கிளம்பியது. அமெரிக்கா கொடுத்த நைக்கி அப்பாச்சி. அலுவலகம் ஒரு பழைய தேவாலயம். ராக்கெட்டின் கூம்பு முனையை சைக்கிள் கேரியரில் வைத்துத் தள்ளிக்கொண்டு போகும் அந்தக் கறுப்பு வெள்ளைப் புகைப்படத்தைப் பார்க்காத ஆளே இருக்க முடியாது. 1981-ல் ஆப்பிள் செயற்கைக்கோளை மாட்டுவண்டியில் ஏற்றிச் சோதித்த படமும் அப்படித்தான். மங்கள்யானுக்கு ஆன சுமார் 450 கோடி, 'கிராவிட்டி' என்ற ஹாலிவுட் படத்துக்கு ஆன செலவைவிடக் குறைவு என்று 2014-ல் நாமெல்லாம் மார்தட்டிக்கொண்டோம்.

ஆக, காசில்லாமல் விண்வெளிக்குப் போவது நமக்கு வெட்கமான காரியம் இல்லை. சைக்கிள் படத்தைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை, கண்தான் கலங்குகிறது. நம்பியாரின் கலத்தைப் பார்த்து மட்டும் ஏன் சிரிக்கிறோம்?

'அந்த ராக்கெட் நிஜமாகவே பறந்தது, இது பறக்கவில்லை' என்று நீங்கள் சொல்லலாம். நியாயமான பதில்தான். அப்படியானால் சினிமாவில் 'பறப்பது' என்றால் என்ன என்று கேட்டாக வேண்டும்.

'கலை அரசி'யின் கதையை யோசித்துப் பாருங்கள். ஒரு கிரகம் இருக்கிறது. அறிவியலில் நம்மைவிட எங்கேயோ போய்விட்டார்கள், கலையில் மட்டும் பின்தங்கிவிட்டார்கள். அதனால் ஆள் அனுப்பி பூமியிலிருந்து ஒரு பாடகியைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். அவளைக் காதலிக்கும் விவசாயி, அங்கிருந்து வந்த கலத்திலேயே ஏறிப் போய் மீட்டு வருகிறான். அவ்வளவுதான் கதை.

வேற்றுக்கிரகத்து ஆட்கள் பூமிக்கு எதற்கெல்லாம் வருவார்கள் என்று சினிமாவில் பார்த்திருக்கிறோம். நிலத்துக்கு, தண்ணீருக்கு, தாதுவுக்கு, சும்மா அழித்துவிட்டுப் போவதற்கு. பாட்டு கற்றுக்கொள்ள வந்தவர்கள் இவர்கள்தான். பக்கத்து ராஜ்ஜியத்துக்கு ஆள் அனுப்பி நாட்டியக்காரியைக் கவர்ந்து வரும் பழைய ராஜா ராணிக் கதையை எடுத்து, ராஜ்ஜியத்தைக் கிரகமாக்கிவிட்டார்கள் என்று ஒருவர் சொல்லலாம். உண்மைதான். ஆனால் இரண்டு வல்லரசுகள் யார் ராக்கெட் பெரியது என்று மல்லுக்கட்டிக்கொண்டிருந்த ஒரு வருஷத்தில், எல்லா ராக்கெட்டும் இருந்தும் பாடத் தெரியாத ஒரு கிரகத்தை ஒரு தமிழ்ப் படம் கற்பனை செய்திருக்கிறது. கடத்தப்படும் பாடகியாக நடித்தவர், தன் பாட்டைத் தானே பாடி, படம் இயக்கி, ஸ்டுடியோவும் நடத்திய பானுமதி. இந்த யோசனைக்கு ஒரு பைசா செலவில்லை. படத்தில் பறப்பது அந்த யோசனைதான். டப்பா அதற்கு வாகனம்.

3

எங்கள் பக்கத்தில் கூத்து பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

வட ஆற்காட்டில் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து நடக்கும்போது அர்ச்சுனன் தபசு என்று ஒரு நாள் வரும். உயரமான ஒரு மரத்தை நட்டு, படி வைத்திருப்பார்கள். அர்ச்சுனன் வேஷம் கட்டியவர் பாட்டுப் பாடிக்கொண்டே ஏறுவார். மேலே போனால் கயிலாயம். மேலிருந்து பூவும் எலுமிச்சம்பழமும் போடுவார். கீழே பிள்ளை வரம் கேட்டு வந்த பெண்கள் முந்தானையை ஏந்திக்கொண்டு நிற்பார்கள்.

அது மரம் என்று அங்கே இருக்கும் எல்லோருக்கும் தெரியும். பல பேர் அதை நடும்போது கூடவே நின்று கயிறு பிடித்தவர்கள். வேஷம் கட்டியவர் மறுநாள் டீக்கடையில் பீடி பிடித்துக்கொண்டிருப்பார் என்பதும் தெரியும். ஆனால் அவர் ஏறும்போது மரம் வானத்துக்குத்தான் போகிறது. 'நம்பினார்கள்' என்று சொன்னால் அது சரியான வார்த்தை ஆகாது. 'ஒத்துக்கொண்டார்கள்' என்பதுதான் சரி. நீ ஏறு, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்ற ஒரு உடன்பாடு.

குடியாத்தத்தில் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா வைகாசி முதல் நாளில் நடக்கும். அம்மன் சிரசு ஊர்வலமாக வந்து உடலில் பொருத்தப்படும். அந்தத் தலை மனிதர்கள் செய்தது என்று தெரிந்த லட்சக்கணக்கான பேர் அதைத் தெருவில் பார்த்து உடம்பு சிலிர்க்கிறார்கள்.

டென்ட் கொட்டகைக்கு வந்த கூட்டமும் இதே கூட்டம்தான். முந்தின வாரம் தபசு மரத்தின் கீழ் நின்றவர்கள்தான் அடுத்த வாரம் எம்ஜிஆர் வேற்றுக்கிரகம் போவதைப் பார்த்தார்கள். அவர்களுக்குத் தகரம் ஒரு பிரச்சினையே இல்லை. ஏறுகிற ஆள் முழு மனசோடு ஏறுகிறானா என்பது மட்டும்தான் பிரச்சினை. பாதியில் நின்று 'இது சும்மா மரம்தாங்க' என்று அவனே கண்ணடித்தால் உடன்பாடு முறிந்துவிடும். எம்ஜிஆர் கண்ணடிக்கவில்லை. இன்றைக்குப் பார்த்தாலும், படத்தில் அவரும் நம்பியாரும் ஒரு நொடிகூட இதைச் சில்லறை வேலையாக எடுத்துக்கொள்ளவில்லை என்பது தெரியும்.

4

இன்னொரு நினைவு. எட்டாம் வகுப்பில் பள்ளியிலிருந்து எங்களைக் காவலூர் அழைத்துப் போனார்கள். வாணியம்பாடி தாண்டி, ஆலங்காயம் வழியாக ஜவ்வாது மலையில் ஏறினால் வைணு பாப்பு வானாய்வகம். அங்கே 2.34 மீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கி இருக்கிறது, 1986-ல் திறந்து வைத்தது. தோல் ஷாப்பு, தீப்பெட்டி, கைலி என்று மட்டுமே அறியப்பட்ட எங்கள் பகுதிக்கு இப்படி ஒரு வானத்துச் சொந்தம் உண்டு என்பது இங்கேயே பல பேருக்குத் தெரியாது. 1988-ல் ராஜமோகன் அங்கிருந்து ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தார். அதன் பெயர் 4130 ராமானுஜன்.

எங்களுக்கு ஒரு சின்ன தொலைநோக்கியில் சனிக் கிரகத்தைக் காட்டினார்கள். வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பையன் கண்ணை வைத்துப் பார்த்துவிட்டுத் திரும்பி, "சார், உள்ள ஸ்டிக்கர் ஒட்டிக்கீறாங்களா?" என்றான். எல்லோரும் சிரித்தோம். என் முறை வந்தது. நிஜமாகவே ஸ்டிக்கர் மாதிரிதான் இருந்தது. கறுப்புக் காகிதத்தில் யாரோ வெட்டி ஒட்டிய மாதிரி, வளையம் போட்ட ஒரு சின்ன மஞ்சள் பொட்டு. அசையவே இல்லை. அதைவிட அசலானதை வானத்தில் நான் அதுவரை பார்த்ததில்லை. ஆனால் பார்க்க மட்டமான செட்டு மாதிரி இருந்தது!

பெரிய பட்ஜெட் படங்களின் சனிக் கிரகம் எப்போதும் பளபளவென்று சுழலும். அது அசலைப் போல இருக்கிறது என்று சொல்கிறோம். உண்மையில் அது இன்னொரு பெரிய பட்ஜெட் படத்தைப் போல இருக்கிறது, அவ்வளவுதான். நமக்கு விண்வெளி எப்படி இருக்கும் என்ற கணக்கே சினிமா கொடுத்ததுதான். அதனால் 'கிராபிக்ஸ் சரியில்லை' என்று நாம் சொல்லும்போது பல நேரம் 'ஹாலிவுட் மாதிரி இல்லை' என்றுதான் சொல்கிறோம். இதைப் புரிந்துகொள்ளாமல் இந்தப் படங்களின் குறையைப் பற்றிப் பேசவே முடியாது.

5

குறை இல்லையா? நிறைய இருக்கிறது. மலிவு என்பதாலேயே ஒரு படத்துக்குப் புனிதம் வந்துவிடாது.

எங்கள் ஊரில் கைலியை எப்படிப் பார்ப்பார்கள் என்றால், எடுத்ததும் புரட்டுவார்கள். சாயம் போட்ட நூலில் கட்டம் நெய்திருந்தால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும். நெய்த கட்டம் மாதிரி பிரிண்ட் அடித்திருந்தால் பின்பக்கம் வெளுத்திருக்கும். நெய்ததிலும் விலை குறைந்த நூல் உண்டு, சொரசொரவென்று இருக்கும். அது குற்றமில்லை, அந்த விலைக்கு அந்தக் கைலி. பிரிண்ட் அடித்ததை நெய்தது என்று விற்பதுதான் அப்பாவுக்குக் கெட்ட கோபம் வரவைக்கும் விஷயம்.

படங்களையும் இப்படிப் புரட்டலாம்.

ஜான் கார்பென்டரின் 'டார்க் ஸ்டார்' (1974) மாணவர் படமாகத் தொடங்கி, சுமார் அறுபதாயிரம் டாலரில் முடிந்தது. அதில் வரும் வேற்றுக்கிரக உயிரினம் கடற்கரையில் பிள்ளைகள் விளையாடும் காற்றடைத்த பந்து. கீழே இரண்டு கால் வைத்திருக்கிறார்கள். மறைக்க முயற்சியே இல்லை. விண்வெளி என்றால் சாகசம் இல்லை, வருஷக்கணக்காக ஒரே அறையில் நாலு பேர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சலிப்பது என்பதுதான் படம். அந்தச் சலிப்புக்குப் பந்து சரியாகப் பொருந்துகிறது. அதை எழுதிய டான் ஓ'பேனன் பிறகு எழுதியதுதான் 'ஏலியன்' (1979). பந்தைத் துரத்திய அதே யோசனை, இந்த முறை பயமுறுத்துவதற்கு.

ஷேன் கேரூத்தின் 'ப்ரைமர்' (2004) ஏழாயிரம் டாலர் படம். விண்வெளி இல்லை, காலப்பயணம். எடுத்தவர் கணிதம் படித்து மென்பொருள் வேலை பார்த்தவர். காலயந்திரம் ஒரு பெட்டி, நிஜமாகவே டப்பா! ஆனால் பாத்திரங்கள் பேசுவது எங்கள் ஆபீசில் ராத்திரி பத்து மணிக்கு சர்வர் படுத்த பிறகு பேசுவது மாதிரியே இருக்கும். பாதி புரியாது. ஏமாற்றவில்லை என்பது மட்டும் புரியும்.

இந்தியில் ஆரத்தி கடவ் எடுத்த 'கார்கோ'வும் இந்த வரிசையில் வரும். அவரும் பொறியியல் படித்து மென்பொருள் துறையிலிருந்து சினிமாவுக்கு வந்தவர். செத்தவர்களின் நினைவை அழித்து மறுபிறவிக்கு அனுப்பும் ஒரு விண்கலம். பெயர் புஷ்பக். வேலை பார்ப்பவன் ஒரு ராட்சசன், கிட்டத்தட்ட அரசாங்க ஊழியன் மாதிரி. பழைய டிவி, பழைய பொத்தான். வானத்தில் மிதக்கும் ஒரு தாலுகா ஆபீஸ்.

இன்னொரு பக்கம், 1982-ல் துருக்கியில் ஒரு படம் வந்தது. 'ஸ்டார் வார்ஸ்' காட்சிகளை அப்படியே வெட்டி ஒட்டி, நடுவில் ஹீரோ ஹெல்மெட் போட்டு ஆடி ஆடி உட்கார்ந்திருப்பார். ஹாஸ்டலில் நாங்கள் அதிகமாகச் சிரித்தது அதற்குத்தான். இப்போது யோசித்தால் அதுகூட வேறு மாதிரி மலிவு. ஒட்டியிருக்கிறார்கள் என்று ஒளிக்கவே இல்லை, அந்தத் தைரியத்துக்கு ஒரு அழகு இருக்கிறது. ஆனால் அந்தப் படம் என் மனசில் எதையும் விட்டுப்போகவில்லை. புரட்டினால் பின்பக்கத்தில் துணியே இல்லை.

என் வேலையிலும் இந்த இரண்டும் உண்டு. மூன்று வாரத்தில் கேட்டால், உள்ளது இவ்வளவுதான் என்று சொல்லிச் சின்னதாக, ஒழுங்காக ஓடுகிற ஒன்றைக் கொடுப்பது ஒரு வகை. திரையில் எல்லாப் பொத்தானும் இருக்கும், அழுத்தினால் ஒன்றும் நடக்காது என்பது இன்னொரு வகை. இரண்டாவதை எங்கள் பக்கத்தில் ஒப்பேத்துறது என்பார்கள். முதலாவதற்குத் தனிப் பெயர் இல்லை. வேலை என்றுதான் சொல்வார்கள்.

6

2016 பிப்ரவரி 6, சனிக்கிழமை. நாட்றம்பள்ளிக்குப் பக்கத்தில் ஒரு தனியார் பொறியியல் கல்லூரி வளாகத்தில் பெரிய சத்தத்தோடு ஏதோ வெடித்தது. தரையில் பள்ளம். கண்ணாடிகள் நொறுங்கின. ஒரு பேருந்து ஓட்டுநர் இறந்துபோனார். விழுந்தது விண்கல் என்று முதலமைச்சர் ஜெயலலிதா அறிவித்தார். விண்கல் தாக்கி மனிதர் இறந்ததாக உறுதியாகப் பதிவே இல்லாததால் உலகம் முழுக்கச் செய்தி பரவியது. படங்களைப் பார்த்தால் தரையில் நடந்த வெடிப்பு மாதிரிதான் தெரிகிறது என்று நாசா தரப்பில் சொன்னார்கள்.

நான் அப்போது பெங்களூரில் இருந்தேன். ஆபீசில், "உங்க ஊருக்கு ஏலியன் வந்துட்டாங்களாமே" என்று ஒரே கலாட்டா. நானும் கூடச் சேர்ந்து ஜோக் அடித்துக்கொண்டிருந்தேன். ராத்திரி அப்பாவுக்குப் போன் போட்டு விண்கல்லா, வெடியா, எது என்று உற்சாகமாக விளக்க ஆரம்பித்தேன். அவர் கேட்டது ஒன்றுதான்: "அந்த டிரைவருக்குப் புள்ளைங்க கீதாடா?"

எனக்குத் தெரியவில்லை. நான் படித்த அத்தனை செய்தியிலும் அதைத் தேடவே இல்லை.

இரண்டு வருஷம் கழித்து, 2018 ஜூனில், 'டிக் டிக் டிக்' வந்தது. இயக்கம் சக்தி சௌந்தர்ராஜன், ஜெயம் ரவி ஹீரோ, இமானுக்கு நூறாவது படம். எண்ணூரில் ஒரு விண்கல் விழுவதில் கதை தொடங்குகிறது. இதைவிடப் பெரிய கல் வருகிறது, அதை உடைக்க வேண்டிய ஆயுதம் ஒரு சீன விண்வெளி நிலையத்தில் இருக்கிறது, திருடிக்கொண்டு வர ஜெயிலிலிருக்கும் மேஜிக் கலைஞனை அனுப்புகிறார்கள்.

'இந்தியாவின் முதல் விண்வெளிப் படம்' என்று விளம்பரம் செய்தார்கள். 'கலை அரசி'க்கு அப்போது 55 வயது. தாரா சிங்கை நிலவுக்கு அனுப்பிய இந்திப் படமான 'சாந்த் பர் சடாயி'க்கு 51 வயது. தாத்தா பெயர் தெரியாததைப் பெருமையாகச் சொல்லிக்கொண்ட விளம்பரம் அது.

படத்தை நான் முழுசாக வெறுக்கவில்லை. உண்மையைச் சொன்னால், ஒரு மேஜிக் கலைஞனை விண்வெளிக்கு அனுப்புவது பிரமாதமான யோசனை. சின்ன பட்ஜெட் சினிமாவே ஒரு கைவித்தைதானே? இங்கே பார் என்று காட்டிவிட்டு அங்கே ஒன்றை ஒளிப்பது. படத்தின் நல்ல இடங்கள் அந்தக் கைவித்தையிலிருந்து வருகின்றன. ஹாலிவுட் செலவில் ஒரு துணுக்கை வைத்துக்கொண்டு அறைகளையும் எடையின்மையையும் கட்டி எழுப்பிய உழைப்பையும் நான் மதிக்கிறேன். குறை வேறு இடத்தில். எண்ணெய்க் கிணறு தோண்டுகிறவர்களுக்கு அவசரப் பயிற்சி கொடுத்து விண்கல்லுக்கு அனுப்பிய 'ஆர்மகெடான்' (1998) படத்தின் கட்டம் அப்படியே இதன்மேல் பிரிண்ட் ஆகியிருக்கிறது. கவுன்ட் டவுன், தியாகம், பிள்ளைப் பாசம், தேசம். புரட்டினால் வெளுப்பு. எண்ணூரில் விழுந்த கல் யார் வீட்டின்மேல் விழுந்தது? அனல்மின் நிலையச் சாம்பலும் கழிமுகமும் மீன்பாடும் உள்ள ஊர் அது. அங்கே செத்தவர்களை முதல் சில நிமிஷத்தோடு படம் மறந்துவிடுகிறது. எண்ணூர் அங்கே ஒரு பெயர்ப் பலகை.

இதற்குக் காசு வேண்டாம் என்பதுதான் என் வருத்தம். இறந்தவர்களில் ஒருவருடைய வீட்டு வாசலைக் காட்டக் கிராபிக்ஸ் தேவையில்லை. அந்த வாசலைப் பார்த்திருந்தால் மேலே போகிறவன் எதற்காகப் போகிறான் என்பது எனக்கு உடம்பில் பட்டிருக்கும். அதற்குப் பதிலாக உலகம் அழியும் என்று வசனத்தில் சொன்னார்கள். டிவியில் போட்டபோது அப்பாவும் பார்த்தார். இடைவேளைக்கு முன்னாலேயே தூங்கிவிட்டார்.

ஆர். ரவிக்குமாரின் 'இன்று நேற்று நாளை'யை (2015) இதோடு வைத்துப் பாருங்கள். 2065-லிருந்து ஒரு காலயந்திரம் இரண்டு வேலைவெட்டி இல்லாத பையன்களிடம் மாட்டுகிறது. உலகத்தைக் காப்பாற்றவில்லை, தொலைந்த பொருளைக் கண்டுபிடித்துக் கொடுத்துக் காசு பார்க்கிறார்கள். ஒருவன் ஜோசியன் வேறு. யந்திரம் நம் கையில் கிடைத்தால் நாமும் அதைத்தான் செய்வோம். அதே இயக்குநர் பிறகு பெரிய செலவில், பல வருஷ கிராபிக்ஸ் வேலைக்குப் பிறகு, 'அயலான்' (2024) எடுத்தார். பொம்மை பிரமாதமாக வந்தது, குழந்தைகள் கொண்டாடினார்கள். ஆனால் முந்தைய படத்தில் ஒவ்வொரு திருப்பமும் அதற்கு முந்தையதிலிருந்து கிளம்பி வந்த அந்த நெசவு இதில் தளர்ந்திருந்தது. காசு வந்தபோது எதை இழந்தார் என்று சொல்வது பெரிய வார்த்தை. காசில்லாதபோது எதை விடாமல் பிடித்திருந்தார் என்பது மட்டும் தெளிவாகத் தெரிகிறது.

7

இதையெல்லாம் எழுதும்போது ஒரு பயமும் இருக்கிறது. அப்பாவின் வரியை வைத்துக்கொண்டு நான் பழசுக்குக் கொடி பிடிக்கிறேனோ என்று.

அதனால் 'கலை அரசி'யையும் புரட்டிவிடுகிறேன். எல்லாவற்றுக்கும் காரணம் பானுமதியின் கலை. ஆனால் கதையில் அவருக்கு முடிவெடுக்கும் இடம் எங்கே? தூக்கிக்கொண்டு போகிறார்கள், மீட்டுக்கொண்டு வருகிறார்கள். கலையே தெரியாத ஒரு கிரகத்துக்கு முதன்முதலாகப் பாட்டு சொல்லிக்கொடுக்கப் போனவள் அங்கே என்ன பார்த்தாள், அந்த மாணவர்கள்மேல் அவளுக்கு ஒரு துளி பிரியம்கூட வரவில்லையா, திரும்பி வரும்போது ஒரு நிமிஷம் தயங்கவில்லையா? படம் கேட்கவே இல்லை. அவருக்கு இரட்டை வேடம் கொடுத்து, பூமியில் ஆள்மாறாட்டக் குழப்பத்தில் நேரத்தைச் செலவழித்தார்கள். கையில் கிடைத்த அற்புதமான யோசனையை வழக்கமான சண்டைக்கும் டூயட்டுக்கும் நடுவே தொலைத்தார்கள். அதற்கும் பட்ஜெட் காரணமில்லை. அந்த யோசனையின்மேல் அவர்களுக்கே முழு நம்பிக்கை இல்லை, அதுதான் காரணம்.

இந்தப் பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அக்கா பையன் ஒரு குறும்படம் காட்டினான். பிளஸ் டூ படிக்கிறான். மூடிக்கிடக்கும் ஒரு தீப்பெட்டி கம்பெனி ஷெட்டுக்குள், ஃபாயில் காகிதமும் தெர்மாகோலும் ஒட்டி, நண்பன் போனில் எடுத்தது. பதினோரு நிமிஷம். ஒரு பையன் தனியாக விண்கலத்தில் போகிறான். ஜன்னலுக்கு வெளியே நட்சத்திரங்கள், கறுப்பு சார்ட்டில் ஊசியால் குத்திப் பின்னால் லைட் அடித்தது. ஹெல்மெட், பைக் ஹெல்மெட். ஐஎஸ்ஐ முத்திரை நன்றாகத் தெரிகிறது.

ஒரு இடத்தில் அந்தப் பையன் பையிலிருந்து ஒரு டிபன் பாக்ஸை எடுத்துத் திறக்கிறான். உள்ளே காலி. மோந்து பார்க்கிறான். மூடிப் பத்திரமாக வைத்துவிடுகிறான். வசனம் ஒன்றும் கிடையாது. எனக்குத் தொண்டை அடைத்தது.

முடிந்ததும் அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். "மாமா, உண்மைய சொல்லுங்க. செட்டு டப்பாவா தெரியுதா?"

"தெரியுது" என்றேன்.

அவன் முகம் விழுந்துவிட்டது. காசு கொஞ்சம் கிடைத்தால் ஒரு சாஃப்ட்வேர் வாங்கலாம், நட்சத்திரத்தையெல்லாம் மாற்றிவிடலாம் என்று ஆரம்பித்தான். தருகிறேன் என்றேன். அதற்கு முன்னால் ஒன்று கேட்டேன். "கடைசில அவன் வீட்டுக்குத் திரும்பி வர்றானே, எதுக்குடா வர்றான்?"

அவன் யோசித்தான். ரொம்ப நேரம் யோசித்தான். ஊஞ்சலில் படுத்திருந்த அப்பா, தூங்குகிறார் என்று நினைத்தேன், கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "டப்பால இன்னா இருந்துச்சுன்னு சொல்லுடா மொதல்ல."